வாய்ச் சான்று

எங்கள் வீட்டில் எந்தப் பொம்மையும் என் வாய் வழியாகத்தான் குழந்தையிடம் போகும். ‘நஞ்சில்லாதது’ என்று கடைக்காரர் ஒட்டும் முத்திரையை இப்போது யாரும் நம்புவதில்லை. வீட்டுப் பெரியவர் ஏழு நாள் கடித்துச் சப்பிவிட்டு, உயிரோடிருந்தால் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பெயர் வாய்ச் சான்று. ஓய்வுபெற்றவனுக்கு இதைவிட என்ன வேலை வேண்டும்? வாரத்துக்கு மூன்று வீதம் இரண்டே வருஷத்தில் ஒரு காட்டையே தின்று தீர்த்திருக்கிறேன். ஒட்டகச்சிவிங்கி மட்டும் நாற்பது.

நேற்று ஒரு சிவப்பு ரயிலுக்குச் சான்று எழுதிவிட்டு, பேத்தி இழையினியைத் தூக்கி முத்தம் கொடுக்கப் போனேன். மருமகள் பொற்கொடி குறுக்கே கை நீட்டினாள்.

“கொஞ்சம் இருங்க மாமா. இதுவரைக்கும் எத்தனை பொம்மை கடிச்சிருப்பீங்க?”

“முந்நூறு இருக்கும். ஏம்மா, பாராட்டு விழாவா?”

“அந்தச் சாயமெல்லாம் எங்க போயிருக்கும்?”

குனிந்து என் வயிற்றைப் பார்த்தேன். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

“பாப்பா உங்க கன்னத்தைக் கடிக்கிறா. உங்களுக்குச் சான்று இருக்கா?”

இல்லை. வாங்கும்வரை குழந்தையைத் தொடக்கூடாது என்றாகிவிட்டது. அவள் கையை நீட்டி அழுகிறாள். நான் கதவோரம் நிற்கிறேன்.

விதிப்படி இன்னொரு பெரியவர் என்னை ஏழு நாள் சோதிக்க வேண்டும். பொற்கொடியின் அப்பா நாளைக் காலை வருகிறார். கல்யாணப் பந்தியில் அவரை நான் கவனிக்கவில்லை என்ற கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. போனில் குரல் தேனாக இருந்தது.

“புதுப் பல்செட் கட்டியிருக்கேன் சம்பந்தி. எந்தக் கன்னத்துல ஆரம்பிக்கலாம்?”