கிரகணச் சாப்பாடு

"கிரகணம் பிடிச்சிருக்கிற நேரத்துல பச்சைத் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன் சார். என்னை விட்டுருங்க" என்று கும்பிட்டார் கணக்கு வாத்தியார் சௌரிராஜன்.

ஆசிரியர்கள் அறையே சிரித்தது. அறிவியல் வாத்தியார் ராயப்பன் மட்டும் சிரிக்கவில்லை.

"பத்தாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித்தர்ற ஆளு நீங்க. ஒரு நிழல் விழுறதுக்குப் பட்டினி கிடப்பீகளா? உங்களை மாதிரி ஆளுகளாலதான் சார் நாடு இம்புட்டுப் பின்னால கிடக்கு."

"நான் பட்டினி கிடந்தா நாட்டுக்கு ஒரு வேளைச் சோறு மிச்சம்தானே சார்" என்றபடி நோட்டுத் திருத்த உட்கார்ந்துவிட்டார் சௌரிராஜன்.

ஞாயிற்றுக்கிழமை காலை சூரிய கிரகணம். கீழக்குயில்குடி மலையடிவாரத்தில் எண்பது பிள்ளைகளைக் கூட்டி வைத்து, கிரகணம் பிடித்திருக்கும்போதே ஊர் பார்க்கச் சாப்பிட வைக்க வேண்டும். ஒன்றும் ஆகாது என்று நிரூபிக்க வேண்டும். ஒரு மாதமாக ராயப்பனுக்கு இதே பேச்சு, இதே மூச்சு.

சனிக்கிழமை சாயங்காலம் சமையல்காரர் முத்துக்கருப்பன் போன் போட்டார்.

"அண்ணே, கோவிச்சுக்கிராதீக. கிரகணத்துல அடுப்புப் பத்தவைக்கக் கூடாதுன்னு வீட்டுல ஒரே சண்டை. நான் வரலண்ணே."

ராயப்பனுக்குத் தலை சுற்றியது. சாப்பாடு இல்லையென்றால் ஊர் என்ன பேசும்? 'கடைசியில வாத்தியாரே பயந்துட்டாரு' என்றுதான் பேசும். வேறு நாலு சமையல்காரர்களைக் கூப்பிட்டார். நாலு பேருக்கும் கிரகணம் இருந்தது. பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப்பில் பொருமித் தள்ளினார். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் எட்டு மணிக்குக் கிரகணம் பிடித்தது. பிள்ளைகள் கண்ணாடி மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்கள். ஒன்பதரை மணிக்கெல்லாம் பசியில் நெளிய ஆரம்பித்தார்கள். ராயப்பன் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது ஓர் ஆட்டோ வந்தது. உள்ளே இரண்டு அண்டா. ஆவி பறக்கும் புளியோதரை!

"யாரு அனுப்புனா?"

"இறக்கிட்டு வரச் சொன்னாக, இறக்கிட்டேன். வேற எதையும் கேக்காதீக சார்" என்று வண்டியைத் திருப்பினார் ஆட்டோக்காரர்.

கேட்க என்ன இருக்கிறது? முத்துக்கருப்பன் மனம் மாறிவிட்டார்! ராயப்பன் மைக்கைப் பிடித்தார்.

"நேத்து அடுப்புப் பத்தவைக்கப் பயந்த மனுசன், இன்னைக்குக் கிரகணத்துலயே சமைச்சு அனுப்பியிருக்காரு. அறிவியல் ஜெயிச்சிருச்சு!"

"சார், சோத்து மேல புல்லு கெடக்கு" என்றாள் நாகஜோதி. ஏழாம் வகுப்புப் பிள்ளை.

எட்டிப் பார்த்தார். இரண்டு அண்டாவிலும் நாலைந்து காய்ந்த புல்.

"அவசரத்துல கவனிச்சிருக்க மாட்டாரு. எடுத்துப் போட்டுட்டுச் சாப்பிடு தாயி."

பிள்ளைகள் வெளுத்துக் கட்டினார்கள். ஊருக்குள் சாத்தியிருந்த கதவுகள் ஒன்றிரண்டு திறந்தன. ராயப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"நீங்க சாப்பிடலையா சார்?" என்று ஒரு தட்டை நீட்டினாள் நாகஜோதி.

வாங்கினார். ஒரு தடவை வானத்தைப் பார்த்தார்.

"மைக்கைப் பிடிச்சவன் எப்படித் தாயி சாப்பிடுறது? மொதல்ல நீங்க சாப்பிடுங்க" என்று தட்டைப் பக்கத்துப் பையனிடம் கொடுத்துவிட்டார்.

பதினோரு மணிக்குக் கிரகணம் விட்டது. திரும்பும் வழியில் வண்டியைப் பழங்காநத்தத்துக்கு விட்டார். சௌரிராஜன் வீடு அங்கேதான். போட்டோக்களைக் காட்டி நறுக்கென்று நாலு வார்த்தை கேட்காமல் விடுவதாவது!

சௌரிராஜன் அப்போதுதான் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு நின்றார்.

"எண்பது பிள்ளைக சார்! ஒண்ணுக்காவது ஏதாச்சும் ஆச்சா? அந்தச் சமையல்காரருக்கு இருக்கிற தெளிவு உங்களுக்கு..."

கண் அடுப்படிப் பக்கம் போனது. தண்ணீர்க் குடத்தின் மேல், மாவுப் பாத்திரத்தின் மேல், ஊறுகாய் ஜாடியின் மேல் அதே காய்ந்த புல்.

"இது என்ன சார்?"

"தர்ப்பை. கிரகணத்தப்போ சாப்பிடுற சாமான் மேல போட்டு வச்சா தோஷம் அண்டாதும்பாங்க."

"அப்ப அந்தப் புளியோதரை..."

சௌரிராஜன் சங்கடத்தோடு தலையைத் துவட்டினார்.

"குரூப்புல நீங்க போட்டதை இன்னைக்குக் காலையில கிரகணம் பிடிக்கிற நேரத்துலதான் பார்த்தேன் சார். அம்புட்டுப் பிள்ளைகளும் பசியோட திரும்பினா மனசு கேக்குமா? கிரகணத்துல அடுப்பு மூட்டினது இதான் முதல் தடவை. அந்தத் தோஷம் என்னோட போகட்டும். பிள்ளைகளுக்கு ஒண்ணும் வந்துரக் கூடாதேன்னு நாலு புல்லைக் கிள்ளிப் போட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

ராயப்பனுக்கு வெட்கமாக இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார். அதற்குள் வயிறு கடமுடவென்று சத்தம் போட்டது.

சௌரிராஜன் ஒரு நிமிஷம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

"சீதா, இன்னொரு இலை போடு!"

அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"உக்காருங்க சார். கிரகணம்தான் விட்டுருச்சே, இனிமே நாம ரெண்டு பேரும் தைரியமாச் சாப்பிடலாம்."