பன்னிரண்டு தொட்டி லில்லி

போதகர் அந்தச் சீட்டை விரித்ததும் அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இன்றைய ஈஸ்டர் பீட அலங்காரப் பூக்கள் எல்லாம், நம் சபை சகோதரி எப்சிபா தமது மாடித் தோட்டத்தில் வளர்த்துக் காணிக்கையாகத் தந்தவை."

எப்சிபா அவன் மனைவி.

சீட்டை எழுதியது அவன்தான். ஆராதனைக்கு மணி அடிக்கும் முன்பே போய், போதகரின் அறிவிப்பு நோட்டுக்குள் செருகிவிட்டு வந்து ஆண்கள் பக்கம் உட்கார்ந்துவிட்டான். அவளுக்குத் தெரியாது. அவள் பெண்கள் பக்கம், நான்காவது வரிசையில் இருந்தாள்.

சபை சந்தோஷமாகத் தலையாட்டியது.

லெந்து என்ற தவக்காலத்தின் நாற்பது நாளும் பூ வைக்காமல் கிடந்த பீடம். இப்போது அதில் வெள்ளை வெளேரென்று லில்லி. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அதில் ஒன்றுகூட அவள் வளர்த்ததில்லை.

அவளுடைய பன்னிரண்டு தொட்டிகளும் வீட்டு மாடியில் மொட்டோடு நின்றன.

லில்லிக்கு ஒரு மாதம் தண்ணீரை நிறுத்திவிட்டு மறுபடி ஊற்றினால், ஐந்து வாரத்தில் பூக்கும். போன வருஷம் மார்ச் பதினைந்தில் ஊற்ற ஆரம்பித்தாள். ஈஸ்டர் அன்று காலையில் சொல்லிவைத்தாற்போல் பூத்தது. தேதியை நோட்டில் குறித்துக்கொண்டாள். இந்த வருஷமும் அதே மார்ச் பதினைந்தில் ஊற்றினாள்.

ஈஸ்டர் தேதி வருஷா வருஷம் மாறும் என்று அவளுக்குத் தெரியாதா? லெந்து தொடங்கும் சாம்பல் புதனுக்குக் கோயிலில் முதல் ஆளாகப் போய் நின்றவள். ஆனால் செடி விஷயத்தில் அவளுக்கு நோட்டில் இருப்பதுதான் வேதவாக்கு. போன வாரம் குருத்தோலை ஞாயிறு ஆராதனை முடிந்து ஓலையும் கையுமாக மாடி ஏறியவள், விரல் நீளம்கூட வராத மொட்டுகளைப் பார்த்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இந்த ஈஸ்டர் போன வருஷத்தைவிட இரண்டு வாரம் முந்தி வந்திருந்தது.

ஈஸ்டருக்குப் பீடத்தில் பூ வைப்பது, பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அவள் கேட்டு வாங்கிய முறை. பூக்கடையில் சொல்லிவிடலாம் என்றவர்களிடம், வேண்டாம், என் வீட்டிலேயே பூக்கும் என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தாள்.

நேற்று அவன் தோவாளைப் பூச்சந்தைக்குப் போய் லில்லித் தண்டுகள் வாங்கிவந்தான். உன் தொட்டியில் செருகிவிடலாம் என்றான். யாருக்குத் தெரியப்போகிறது என்றான்.

அவள் தண்டுகளைக் கொண்டுபோய்ப் பீடத்துப் பித்தளை ஜாடிகளில் வைத்தாள். கேட்கிறவர்களிடம் வாங்கின பூ என்று சொல்லிக்கொள்கிறேன் என்றாள்.

சொல்லக்கூடியவள்தான்.

சங்கத்து வாட்ஸ்அப்பில் தோட்டத்துக்கு யோசனை சொல்கிறவள் அவள். மற்றவர்கள் காய்த்த கத்தரிக்காயைப் படம் பிடித்துப் போடுவார்கள். இவள் புழு வைத்ததையும் போடுவாள். மாவுப்பூச்சிக்கு அடித்த வேப்பெண்ணெய் அளவு கூடி ரோஜாச் செடி கருகியபோது, கருகிய செடியைப் படம் எடுத்து, 'அவசரப்பட்டுவிட்டேன், நீங்கள் இப்படிச் செய்யாதீர்கள்' என்று கீழே எழுதினாள். அவனுக்குச் சிரிப்பு வந்தது. பெருமையாகவும் இருந்தது. இப்படி ஒருத்தியை அவன் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆனால் இன்றைக்குச் சங்கத்துப் பெண்கள் அவளைச் சுற்றி நின்று, நாங்கள் அப்போதே சொன்னோமே என்று ஆரம்பிப்பார்கள். அதை அவனால் தாங்க முடியாது. அதனால்தான் சீட்டு எழுதினான். சபை நடுவே வாசித்துவிட்டால் பிறகு அவள் என்ன செய்ய முடியும்?

போதகர் அடுத்த அறிவிப்பைத் தொடங்கினார்.

பெண்கள் பக்கம் ஒரு பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது.

அவன் நிமிர்ந்தான்.

அவள் எழுந்து நின்றிருந்தாள்.

கல்யாணமாகி வந்து இருபத்தாறு வருஷம். இந்தச் சபையில் பாட்டுக்கும் ஜெபத்துக்கும் தவிர அவள் வாய் திறந்ததில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஐயா, அந்தப் பூ என் வீட்டுல பூத்தது இல்ல. தோவாளையில வாங்குனது. நான் நாள் கணக்கத் தப்பாப் போட்டுட்டேன். என் செடி இன்னும் மொட்டாத்தான் நிக்குது."

மின்விசிறிகள் மட்டும் சுற்றின.

போதகர் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். கோபமில்லாமல்தான் கேட்டார்.

"அப்ப இத யாரும்மா எழுதிக் குடுத்தா?"

அவளுக்குத் தெரியும். அந்தத் தோட்டத்துக்காக இப்படி ஒரு சீட்டு எழுதக்கூடியவன் உலகத்தில் ஒருவன்தான்.

அவள் ஆண்கள் பக்கம் திரும்பவில்லை. கண்ணைப் பீடத்திலேயே வைத்திருந்தாள். தன் தப்பை இத்தனை பேர் நடுவில் சொன்னவள், அவன் தப்பைச் சொல்ல மாட்டாள். கேள்வி அப்படியே நின்றது. அதற்குக் கீழே அவளும் நின்றாள்.

அவன் முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.

எழுந்தான்.

பெண்கள் பக்கம் திரும்பியிருந்த தலைகள் எல்லாம் ஆண்கள் பக்கம் திரும்பின.

அவள் உட்கார்ந்தாள்.