இடது பக்கக் காற்று

பவுல்ராஜ் வீட்டு வாசலிலேயே காரை நிறுத்தி, ஏசிக்குத் தானே கேஸ் ஏற்றினார். நாளைக்குக் கல்லறைத் திருநாள். மனைவி ஏஞ்சலினை அடக்கம் செய்த கன்னிவாடிக்குப் போக வேண்டும்.

வேலை முடிந்து அவர் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். மகள் சகாயசெல்வி இடது சீட்டில் உட்கார்ந்து கையை நீட்டிப் பார்த்தாள்.

"உங்க பக்கம் ஜில்லுனு வருதுப்பா. இந்தப் பக்கம் காத்து வர்ற வழி மூடியிருக்கு."

"தொறந்து விடு."

திறந்தாள். செத்த நேரத்தில் அது தானாக மூடிக்கொண்டது. மறுபடி திறந்தாள். மறுபடி மூடியது.

"லூசாயிருச்சு போல. டேப் ஒட்டட்டுமாப்பா?"

ஏஞ்சலினுக்கு ஏசி ஆகாது. இடது சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் முதலில் அந்தக் காற்று வழியைத்தான் மூடுவாள்.

பவுல்ராஜ் குளிரைக் குறைத்தார். இடது பக்கத்துக் காற்று வழி தானாக மெல்லத் திறந்தது, பாதி மட்டும்.

"நீ பின்னால போய் உக்காரு தாயி," என்றார்.