அறுபது டிகிரி

உணவகச் சமையலறைகளில் புகுந்து குற்றம் கண்டுபிடிப்பதையே தொழிலாகக் கொண்ட சுகாதார ஆய்வாளர், தம் வீட்டுக் கொல்லையில் உரத்தொட்டி முன் கையுறையும் முகமூடியுமாகக் குந்தியிருக்கிறார். காலை வெயிலில் காய்கறித் தோலும் முட்டை ஓடும் ஆவி விடுகின்றன. குப்பைக்குள் செருகிய வெப்பமானியை உருவிப் பார்த்ததும் அவர் முகம் மலர்கிறது. "அறுபது டிகிரி! இனிமே ஒரு கிருமி தப்பாது!" என்று தொட்டியிடமே சொல்லிவிட்டு, வெப்பமானியைக் கால்சட்டையில் துடைக்கிறார்.

"ஏங்க!" சமையலறை ஜன்னலில் மனைவியின் தலை தெரிகிறது. "தயிருக்குப் பால் சூடு பாக்குற கம்பி எங்க?"

துடைத்த கை அப்படியே நிற்கிறது. ஒரு வாரமாகத் தினமும் இப்படியே துடைத்து, சத்தமில்லாமல் சமையலறை டப்பாவில் திருப்பி வைத்தது நினைவுக்கு வருகிறது.

"சீக்கிரம் குடுங்க. இந்த வாரத் தயிருக்குத் தனி ருசின்னு நீங்கதானே ரெண்டு ரெண்டு கிண்ணம் சாப்பிட்டீங்க!"