பாதிப் பாட்டில்

பாட்டிலில் தொங்கிய மருந்து சிவப்பாக இருந்தது இருளப்பனுக்கு வசதியாகப் போயிற்று. எச்ஐவி வந்த உடம்பில், கபோசி என்று டாக்டர் பெயர் சொன்ன புற்றுநோயும் சேர்ந்து, கால்களில் ஊதாத் திட்டுகள் கிளம்பியிருந்தன. மனைவி பவுன்தாயிடம், "ரத்தம் கெட்டுப்போச்சாம், புதுசா ஏத்துறாங்க" என்று சொல்லிவைத்திருந்தான். அந்தப் பொய்க்கு மருந்தின் நிறமே சாட்சி. அவளையும் பரிசோதனைக்குக் கூட்டிவரச் சொல்லி டாக்டர் கேட்கும்போதெல்லாம், ஊருக்குப் போயிருக்கிறாள் என்பான்.

இன்று சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். பாட்டிலையே அண்ணாந்து பார்த்தாள். "செத்த இருங்க, வந்துர்றேன்" என்று போனவள் வெகுநேரம் கழித்துத்தான் திரும்பினாள். முழங்கையை மடக்கி, உள்ளே பஞ்சை இடுக்கியிருந்தாள்.

"யாரு பெத்த பிள்ளை ரத்தமோ, சும்மா ஏத்திக்கிட்டா நல்லாவா இருக்கும்? அதான் ஈடா என் ரத்தத்தைக் குடுத்துட்டு வந்தேன்."

இருளப்பன் எழப்போனான், ஊசி குத்திய கை சுண்டி இழுத்தது.

"அசையாதீங்க. சோதிச்சுப் பாத்துட்டு, எதும் இருந்தா போன் பண்ணுவாங்களாம். எங்கிட்ட ஏது போனு? உங்க நம்பரைத்தான் குடுத்தேன்."

தலையணை அடியில் கிடந்த அவன் போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இந்தக் கையோட நீங்க எப்படி எடுப்பீங்க? நானே பேசிக்கிறேன்."

அவன் பாட்டிலைப் பார்த்தான். இன்னும் பாதி இருந்தது.