திரையில் வேறொரு அம்மா

எடிட்டிங்கில் குனிந்தே கிடந்ததில் கோமளாவுக்குப் பிடரி விண்விண்ணென்று தெறித்தது. ‘நான் யார்’ என்று வகுப்புக்காக எடுத்த குறும்படத்தில், தன் அம்மா என்று அவள் காட்டியிருந்தது எதிர்த்தெரு டீச்சரை. பெற்றவள் பேச்சியம்மாள் இதே கல்லூரியில் கழிப்பறை கழுவுகிறாள். வகுப்பில் யாருக்கும் அது தெரியாது.

வகுப்பில் படம் ஓடும்போது எவனோ டீயைக் கொட்டினான். துடைக்கப் பேச்சியம்மாளைக் கூப்பிட்டுவிட்டார்கள். திரையில் டீச்சர் கோமளாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். பேச்சியம்மாள் துணியோடு நின்று பார்த்தாள். கோமளா நாற்காலியில் இன்னும் தாழ்ந்து உட்கார்ந்தாள். வாயைத் திறந்துவிடுவாளோ?

“யக்கா, மறைக்குது. என்ன, நடிக்கச் சான்ஸ் கேக்கியளா?”

“இந்தா ஆச்சு தம்பி.”

துடைத்துக்கொண்டே கோமளாவிடம் வந்தாள். “காலத் தூக்கிக்கோங்க பாப்பா.”

கோமளா தூக்கிக்கொண்டாள். நாலு பேர் முன்னால் கூப்பிட வேண்டிய ஒரு ‘அம்மா’ இன்னும் பாக்கி.