காலினின் சாவி

மாலை வெயில் கோதுமைக் கிடங்கின் தகரத்தில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. நெட்பால் ஆட்டம் முடிந்து, எட்டுப் பெண்பிள்ளைகள் ஆரஞ்சுத் துண்டுகளைச் சப்பியபடி வேனில் ஏறுகிறார்கள். ஓட்டுநர் இருக்கையில் காலின். அவனுக்கு வந்தது வலிப்பு என்றும், ஆறு மாதம் வண்டியைத் தொடக்கூடாது என்றும் டாக்டர் மெரிடித் நேற்றுத்தான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாள். தலையாட்டியவன், மனைவியிடம்கூடச் சொல்லவேண்டாமென்று அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினான். இப்போது அவன் விரல்கள் ஸ்டியரிங்கில் தாளம் போடுகின்றன; வேனருகே நிற்கும் மெரிடித்தின் பக்கம் திரும்பவே இல்லை. வேன் உறுமுகிறது. "என்ன டாக்டர், பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்கிறாள் அவன் மனைவி ஷெரில். மெரிடித் ஓடிப்போய் அவன் பக்கக் கதவைத் திறக்கிறாள்.

"நகருங்க காலின். இந்த வேனை ஓட்டிப் பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை."

"போன வாரம் சொந்தக் காரையே வேலில விட்டவங்கதானே நீங்க!" என்று ஷெரில் கூவ, பிள்ளைகள் கொல்லென்று சிரிக்கிறார்கள். காலின் சிரிக்கவில்லை. நீட்டிய உள்ளங்கையை மெரிடித் மடக்கவில்லை. இன்ஜின் அடங்குகிறது. வியர்வையில் நனைந்த சாவி அவள் கையில் விழுகிறது.

"திங்கக்கிழமை வேலைக்கு எப்படிப் போவேன், சொல்லுங்க?" அவளுக்கு மட்டும் கேட்கும் குரலில் கேட்டுக்கொண்டே அவன் இறங்குகிறான். மெரிடித் ஏறி உட்கார்ந்து, எட்டாத கிளட்சைக் காலால் தேடுகிறாள்.